விடுப்பில் இருப்பவர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குக் கூடிய விடுப்புப் பரிசீலனைக் குழுவில் இருந்தவர்கள்:

தலைவர்.
கண்காணிப்பாளர், உறுப்பினர்.
விடுப்புப் பிரிவு எழுத்தர், உறுப்பினர், குறிப்பெடுப்பவரும் அவரே.
மேடைத் தராசு ஒன்று, அன்று காலை சரிபார்க்கப்பட்டது.
வாசல் காவலர், கதவருகே.
விண்ணப்பதாரர், நின்றபடி.

தராசைப் பட்டியலில் சேர்த்தது கைத்தவறல்ல. அது எடை அளவு முத்திரை அலுவலகம். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவதும், பொய்க்கற்களைப் பறிமுதல் செய்து சீட்டு கட்டி அடுக்குவதும் அதன் வேலை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் தராசைச் சந்தேகப்பட்டே பிழைத்தவர்கள் விடுப்பு விதிகளை எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதுவார்களோ அப்படித்தான் எழுதியிருந்தார்கள். சொந்த வேலையாக விடுப்பில் போகிறவர் போகும் முன் எடை போடப்படுவார். திரும்பியதும் மறுபடி எடை போடப்படுவார். போன ஆளே வந்திருக்கிறாரா, முழுசாக வந்திருக்கிறாரா என்று அலுவலகத்துக்குத் தெரிந்தாக வேண்டும். முன்னூறு கிராம் வரை கூடலாம். வீட்டுச் சாப்பாடு என்று எழுதிக்கொள்வார்கள். குறையக் கூடாது. குறைந்தால் அது அரசுப் பொருளுக்கு ஏற்பட்ட சேதாரம்.

விண்ணப்பதாரர் பதிவறை எழுத்தர். பத்தொன்பது வருடமாக மூன்றாவது மாடியின் கோடியில், பழைய சான்றிதழ்களுக்கும் துருப்பிடித்த பொய்க்கற்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, அலுவலகத்தில் அது புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் ரெக்கார்டு. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ரெக்கார்டு கேட்டது பத்து நாள். அவருடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் குழாய்களை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள். இப்போது அதற்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. தம்பியின் சிறுநீரகம் பொருந்துகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அறுவை. இன்று மாலை ஐந்து மணிக்குள் தம்பி மருத்துவமனைக் கட்டிலில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான். நான்கு மாதம் அக்காவிடம் இல்லை என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு ரெக்கார்டைப் பார்த்தார், பிறகு பேனாவை மூடினார்.

விண்ணப்பம் கொடுத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. குழு செவ்வாய்தோறும் கூட வேண்டும். முதல் செவ்வாய், தாளில் இடப்பக்கம் ஓரம் விடவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாவது செவ்வாய், தராசின் முத்திரைக் காலம் முடிந்துபோயிருந்தது. முத்திரை அலுவலகத்துத் தராசுக்கு முத்திரை குத்த வேண்டியது யார் என்ற விவாதத்தில் மேலும் மூன்று செவ்வாய் கரைந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம்தான். போனால் மூன்றாம் நாள் 'பணியைக் கைவிட்டவர்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அப்படி ஒட்டப்பட்ட ஒருவரை ரெக்கார்டுக்குத் தெரியும். அவருடைய கோப்பு பதிவறையில்தான் இருக்கிறது.

அன்று காலை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டியாடா?"

"இன்னும் லீவு கைக்கு வரலக்கா. ரெண்டரைக்குக் கமிட்டி."

"இன்னும் வரலையா? உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்குமா அக்கா தங்கச்சி கிடையாது?"

"முடிஞ்சதும் நேரா வந்துடறேன்."

"பயமா இருக்காடா?"

"இல்லக்கா."

"எனக்கு இருக்கு. உன்னோட கிட்னி. உன்னை மாதிரியே சீட்டைவிட்டு எழுந்திருக்காத கிட்னியா இருந்தா நான் என்னடா பண்றது?"

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. ரெக்கார்டும் சிரித்து வைத்தார். பொய்தான் சொல்லியிருந்தார். கத்தியை நினைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒருவேளை குழு மறுத்துவிட்டால் என்று ஒரு நினைப்பு, முகம் கழுவும்போது மனசின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. மறுத்துவிட்டால் யார் மேலும் குற்றமில்லை. விதி அப்படி, நான் என்ன செய்ய. அந்த நினைப்பு தந்த நிம்மதி அவரையே திடுக்கிட வைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது குழுவின் முன் நிற்கிறார்.

"காரணம்?" என்றார் தலைவர். குள்ளமானவர், நாற்காலியில் இரண்டு பழைய பதிவேடுகளைப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருப்பார்.

"அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கணும் சார்."

"நல்ல காரியம். ரொம்ப நல்ல காரியம். யாரோடது?"

"என்னோடது சார்."

தலைவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "அவரோடதாம்."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எப்பலேருந்து இருக்கு?"

"பொறந்ததுலேருந்து சார்."

"அப்ப பணியில சேர்ந்தப்பவும் இருந்திருக்கு."

"இருந்தது சார்."

"ரெண்டும்?"

"ரெண்டும் சார்."

விடுப்புப் பிரிவு எழுத்தர் ரெக்கார்டின் பணிப்பதிவேட்டைப் புரட்டினார். ஐம்பது வயதுப் பெண்மணி, எல்லோருக்கும் மேடம். எட்டு வருடமாக மதியம் ரெக்கார்டுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். "உடல்தகுதிச் சான்று இருக்கு சார். முழு உடம்போட சேர்ந்திருக்கார்."

"அப்ப அது உள்ள வரும்போதே அலுவலகக் கணக்குல வந்துடுச்சு," என்றார் கண்காணிப்பாளர். "இருப்புல இருக்கற பொருளை வெளியில குடுக்க நம்ம விதியில இடம் எங்க இருக்கு?"

"மருத்துவ விடுப்பாவது போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார் ரெக்கார்டு.

"அது நோயாளிக்கு," என்றார் மேடம். "உங்களுக்கு நோய் இல்ல. நோய் உங்க அக்காவுக்கு. அவங்க நம்ம ஊழியர் இல்ல."

"இவர் நல்லா இருக்கறப்பவே போய் நோயாளி ஆகப்போறார்," என்றார் கண்காணிப்பாளர்.

"வேணும்னே," என்றார் தலைவர்.

மேடம் 'வேண்டுமென்றே' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"ஒண்ணு எவ்வளவு எடை வரும்?" கண்காணிப்பாளர் கேட்டார்.

"நூத்தம்பது கிராம்னு டாக்டர் சொன்னார் சார்."

கதவருகே காவலர் தொப்பியைக் கழற்றினார்.

"எடைக்குறைவு," என்று மெல்லச் சொன்னார் கண்காணிப்பாளர். "இந்த ஆபீஸ்லேருந்து ஒருத்தர் எடை குறைஞ்சு வெளியில நடமாடுவார். ஊர் என்ன பேசும்? இருபது கிராம் குறைஞ்சதுக்கு ஒரு பொம்பளை கடைக்கு சீல் வச்சவன் நான். புருஷன் செத்து பத்து நாள். கல்லு அவர் காலத்துக் கல்லு, எனக்கு ஒண்ணும் தெரியாது சார்னு அந்தம்மா அழுதாங்க. எனக்கும் தெரியும் அது அவங்க தப்பு இல்லன்னு. வச்சேன். அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு. அப்படி வந்தவன் இன்னிக்கு நூத்தம்பது கிராமுக்குக் கையெழுத்துப் போடறதா?"

கதவின் மேலிருந்த கடிகாரத்தில் மணி மூன்று. மருத்துவமனைக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். ரெக்கார்டு மனதுக்குள் கழித்துப் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் பேசப்போகிறார் என்றால் மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"பாருங்க ரெக்கார்டு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எனக்கு. ஒரே ஒரு தடவை காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்தேன். அதைத் தவிர விடுப்பே எடுத்ததில்ல. அந்த ரெண்டு நாள் கழிச்சு ஓட்டமா ஓடி வந்தேன், ஆபீஸ் என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு. வந்து பார்த்தா எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கு. ஒரு ஃபைல் நிக்கல. 'சார் எங்க'ன்னு ஒருத்தன் கேக்கல. என் நாற்காலி முதுகுல எவனோ ஈரத்துண்டு காயப்போட்டிருக்கான். அன்னிக்குப் புரிஞ்சுது. விடுப்புங்கறது ரொம்ப ஆபத்தான விஷயம். ஒருத்தன் இல்லாமலே ஆபீஸ் நடக்குதுன்னு வெளியில தெரிஞ்சா, அடுத்து என்ன கேப்பான்? எல்லாரும் இல்லாமலே நடக்குமான்னு கேப்பான். நடந்துட்டா? அதனால இந்த விதியெல்லாம் உங்களைக் கஷ்டப்படுத்தறதுக்கு இல்ல. நம்ம எல்லாரையும் காப்பாத்தறதுக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. துண்டை நினைத்திருப்பார்.

"ஆனா நானும் மனுஷன்தான்," என்று தொடர்ந்தார். "ஒரு அக்காவுக்காகக் கேக்கறீங்க. நூத்தம்பது கிராம் சிறப்புத் தள்ளுபடியோட பத்து நாள் அனுமதிக்கலாம்னு நினைக்கறேன். கண்காணிப்பாளர் என்ன சொல்றார்?"

"தலைவர் நினைச்சுட்டா நான் என்ன சொல்றது," என்றார் கண்காணிப்பாளர். "எடையைப் போட்டு அனுப்புங்க."

ரெக்கார்டுக்கு ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. கிடைத்துவிட்டது. அக்கா பிழைத்துவிடுவாள். கத்தியும் நிச்சயமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின் மேல் ஏறினார். இரும்பு குளிர்ந்திருந்தது. காவலர் முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எழுபத்தோரு கிலோ இருநூறு."

மேடம் எடைப்பதிவேட்டை எடுத்தார். துணி அட்டை போட்ட தடிமனான புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம்; பக்கத்துக்கு இரண்டு கட்டம்: போன எடை, வந்த எடை. ரெக்கார்டின் பக்கத்தைத் திறந்தவர் பேனாவை வைக்கப் போய், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"சார், இதுல ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கு."

"என்ன பதிவு?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தி. வீடு மாத்தறதுக்கு ஒரு நாள் விடுப்பு. போன எடை ஐம்பத்தெட்டு கிலோ நானூறு." அவர் அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார். "வந்த எடை காலியா இருக்கு சார்."

ரெக்கார்டுக்கு அந்த நாள் நினைவு வந்தது. சாமான்களைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வண்டிக்காரன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார், வழக்கம்போல வேலை பார்த்தார். இந்தக் குழுவின் முன் இன்னொரு முறை நிற்கத் தெம்பில்லாமல் அதற்குப் பிறகு விடுப்பே கேட்கவில்லை. அதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"விடுப்பு நாள்ல வேலைக்கு வந்தீங்களா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரைக் கேட்டு?"

"கேக்கல சார். தப்புன்னு தோணல."

"வந்ததும் எடை போட்டுக்கிட்டீங்களா?"

"போகவே இல்லியே சார். போகாம எங்கேருந்து வர்றது?"

"அதெப்படி போகாம இருப்பீங்க? போன எடை இருக்கே," என்று கட்டத்தைத் தட்டிக் காட்டினார் கண்காணிப்பாளர். "போயிருக்கீங்க. வரல."

"அப்படிப் பார்த்தா," மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார், "பதிவேட்டுப்படி ரெக்கார்டு இன்னும் விடுப்புலதான் சார் இருக்கார்."

ரெக்கார்டுக்கு ஒரு வெளிச்சம் தட்டியது. "அப்ப நல்லதாப் போச்சு சார்! லீவுலதானே இருக்கேன்? இப்படியே கிளம்பிடறேன். பத்து நாள் கழிச்சு ஒரேயடியா வந்து எடை போட்டுக்கறேன்."

தலைவர் கண்களைச் சுருக்கி அவரைப் பாதாதிகேசம் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. முதல் தடவைதானோ என்னவோ.

"ரெக்கார்டு விடுப்புல இருக்கார். அது சரி," என்றார். "நீங்க யாரு?"

சிரிக்க வேண்டும் என்று ரெக்கார்டு நினைத்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

"நான்தான் சார் ரெக்கார்டு."

"போனவர் ஐம்பத்தெட்டு நானூறு. நீங்க எழுபத்தொண்ணு இருநூறு. பன்னிரண்டு கிலோ எண்ணூறு வித்தியாசம். விதி முன்னூறு கிராம்தான் அனுமதிக்குது. நம்ம தராசு பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"வருஷம் ஆச்சுல்ல சார், உடம்பு போட்டுட்டேன்..."

"இன்னிக்குக் காலைலதான் சார் தராசைச் சரி பார்த்தேன்," என்றார் காவலர்.

"நீயாவது சொல்லுய்யா!" ரெக்கார்டு அவர் பக்கம் திரும்பினார். "தினமும் எனக்கு வணக்கம் வைப்பியே!"

"கழுத்துல தொங்கற அடையாள அட்டைக்குத்தான் சார் வணக்கம் வைப்பேன். அட்டைக்குள்ள யாருன்னு பாக்கறது என் வேலை இல்ல."

"மேடம், எட்டு வருஷமா என்னோட உட்கார்ந்து சாப்பிடறீங்க."

மேடம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டார். "அதான் எனக்கு நடுக்கமா இருக்கு. யாரோட சாப்பிட்டிருக்கேன் நான் இத்தனை நாளா? ஊறுகாய்கூட மாத்திக்கிட்டோமே!"

"மாசா மாசம் சம்பளம் வாங்கறேனே சார்!"

"அது வேற பிரிவு," என்றார் கண்காணிப்பாளர். "ஆள் இருக்காரா இல்லையான்னு அவங்க பாக்கறதில்ல."

மேடம் பணிப்பதிவேட்டைத் திறந்து முதல் பக்கத்துப் புகைப்படத்தை மேசைமேல் தள்ளினார். நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒட்டிய கன்னம், காது வரை முடி, எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். நான்கு பேரும் நிமிர்ந்து ரெக்கார்டைப் பார்த்தார்கள். ரெக்கார்டும் புகைப்படத்தைப் பார்த்தார். அந்தப் பையனைத் தெருவில் கண்டால் தனக்கே அடையாளம் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் அன்றைக்கு அவர் பட்ட பயங்களிலேயே பெரியது. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"மேசையைத் தொடாதீங்க," என்றார் தலைவர். "வீட்டுக்குப் போன் போடுங்க. அவர் வீட்ல இருக்காரான்னு கேப்போம்."

மேடம் எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினார். ரெக்கார்டின் மனைவி எடுத்தாள்.

"அம்மா, எடை அளவு ஆபீஸ்லேருந்து பேசறோம். உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"அவர் அங்கதானே இருக்கார்? காலைலேயே கிளம்பிட்டாரே."

"ஆபீசுக்குப் போறதா சொன்னாரா?"

"ஆமா."

"எத்தனை நாளா இப்படிச் சொல்லிட்டுப் போறார்?"

"தினமும் அதைத்தானே சொல்லிட்டுப் போறார். எதுக்குக் கேக்கறீங்க? அவருக்கு என்ன ஆச்சு?"

தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "பாவம், பதினோரு வருஷமா அந்தம்மாவையும் ஏமாத்தியிருக்கான்."

"நான் இங்கதான் இருக்கேன்!" ரெக்கார்டு கத்தினார்.

"ஏங்க!" மனைவியின் குரல் உயர்ந்தது. "இன்னும் அங்க என்ன பண்றீங்க? ஆஸ்பத்திரிலேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. அக்காவைத் தயார்பண்ண ஆரம்பிச்சுட்டாங்களாம். நீங்க வரலேன்னா அஞ்சு மணிக்குப் பேரை எடுத்துடுவோம்ங்கறாங்க. அக்கா 'வருவான், வருவான்'னு சொல்லிட்டே இருக்காங்க. ஏங்க, கேக்குதா?"

தலைவர் தொடர்பைத் துண்டித்தார். "குரல்கூட பழகி வச்சிருக்கான். கைதேர்ந்த ஆள்." 'நீங்க' எப்போது 'ஆள்' ஆனது என்று ரெக்கார்டு கவனிக்கவில்லை. மணி மூன்று ஐம்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். "அறுபத்தொண்ணு. அலுவலகத்துக்குள்ள அடையாளம் தெரியாத ஆள் அகப்பட்டா, உரிய ஊழியர் வந்து அடையாளம் சொல்ற வரைக்கும் காவல்ல வைக்கணும். பதிவறையில உட்கார்ந்திருந்த வெளியாளை அடையாளம் சொல்ல உரிய ஊழியர் பதிவறை எழுத்தர்."

"ஆனா அவர் விடுப்புல இருக்காரே," என்றார் மேடம்.

"அவர் வர்ற வரைக்கும் வச்சிருப்போம்."

"எவ்வளவு நாள் சார்?" ரெக்கார்டு கேட்டார்.

"அவர் ஒரு நாள்னுதான் போயிருக்கார்," என்றார் தலைவர் ஆறுதலாக. "எப்படியும் வந்துடுவார். பதிவறையிலேயே போட்டுப் பூட்டுங்க. அந்த இடம் இந்த ஆளுக்குப் பழக்கம்தானே."

காவலர் அருகே வந்து ரெக்கார்டின் முழங்கையைப் பிடித்தார். முரட்டுப் பிடியல்ல, உடையக்கூடிய சாமானைத் தூக்குகிற பிடி. பதிவறை ஜன்னலுக்குக் கம்பி வைக்கச் சொல்லி எழுதிக் கேட்டவரே ரெக்கார்டுதான். உள்ளே தொலைபேசி கிடையாது. இரும்பு அடுக்குகளும் பொய்க்கற்களும் துரு வாசனையும்தான். ஐந்து மணி அடிக்கும். அக்கா வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு சொல்வதை நிறுத்துவாள்.

"விடுங்க, விடுங்கய்யா, நான் போகணும்..." அவர் கையை இழுத்தார்.

அந்த நேரத்தில் காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். முழங்கையை விட்டார். சட்டைப்பையிலிருந்து ஊதலை எடுத்து ஒரு தடவை ஊதினார். மூடிய அறைக்குள் அது காதைப் பிளந்தது. மேடம் பேனாவைக் கீழே போட்டார்.

"மணி நாலு சார்," என்றார் காவலர். "வெளியாள் யாரும் உள்ள இருக்கக் கூடாது. விதி பன்னிரண்டு."

"இந்த ஆள் காவல்ல இருக்கான்யா."

"வெளியாளா இல்லையா சார்?"

"வெளியாள்தான்."

"அப்ப வெளியில போகணும். நாலுக்கு மேல வெளியாள் இருந்தா, அந்த ரூம்ல இருக்கற அதிகாரிங்க மூணு பேர் பேரையும் நான் மேல எழுதி அனுப்பணும். போன வருஷம் ஒரு கடைக்காரர் நாலு ஏழு வரைக்கும் பேசிட்டிருந்தார். அந்தச் சார் இப்ப தீவுக் கிளையில இருக்கார்."

இதுவரை அறையில் ஒருவர்தான் பயந்துகொண்டிருந்தார். இப்போது நான்கு பேரானார்கள். கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அறுபத்தொன்று வைத்திரு என்றது, பன்னிரண்டு வெளியே தள்ளு என்றது. தலைவர் பதிவேட்டு மேடையிலிருந்து கீழே இறங்கி நின்றார்.

"இங்க பாருப்பா," என்றார் ரெக்கார்டிடம். குரல் திடீரென்று குழைந்திருந்தது. "நீ வெளியாளா, ரெக்கார்டா? நீயே எழுதிக் குடுத்துடு. நாங்க எதுக்கு வம்பு. ரெக்கார்டுன்னு சொன்னா உன் எடையை விசாரிக்கணும். அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடும். அது வரைக்கும் கட்டடத்தைவிட்டுப் போகக் கூடாது. ஆனா உன் வேலை இருக்கும், பத்தொன்பது வருஷம் இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். வெளியாள்னு சொன்னா பார்வையாளர் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு இப்பவே போயிடலாம். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

"சீக்கிரம்," என்றார் கண்காணிப்பாளர். "நாலு ரெண்டு ஆச்சு."

ரெக்கார்டு நின்றார். காலையில் அவர் மனசு ரகசியமாகக் கேட்டது இதோ எதிரில் வந்து நின்றது. ரெக்கார்டு என்று சொன்னால் போதும். கத்தி இல்லை, குற்றமும் இல்லை. கட்டடத்துக்குள் அடைத்து வைத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அக்காகூடச் சொல்லமாட்டாள். சொல்ல இருக்கவும் மாட்டாள்.

"புத்தகத்தைக் குடுங்க," என்றார்.

காவலர் பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ரெக்கார்டு பேனாவை எடுத்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் 'பதிவறை எழுத்தரை' என்று எழுதினார். பார்த்தீர்களா என்ற கட்டத்தில் 'இல்லை. விடுப்பில் இருக்கிறார்' என்று எழுதினார். தாங்கள் யார் என்று கேட்ட இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு 'ஒரு நோயாளியின் தம்பி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து பத்தொன்பது வருடம் வருகைப் பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்து. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"அட்டை," என்றார் கண்காணிப்பாளர். "சாவிக்கொத்து. ரெண்டும் ரெக்கார்டோடது."

கழற்றிக் கொடுத்தார். சாவிக்கொத்து போனதும் இடுப்பில் ஒரு பக்கம் இலேசாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டார். மேடம் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

மாடிப்படியில் காவலர் பின்னாலேயே வந்தார். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள் என்று ரெக்கார்டு எதிர்பார்த்தார். வாசலை நெருங்கும்போது மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, வெளியாள்! எங்கயாவது ரெக்கார்டைப் பார்த்தா சொல்லு. நாளைக்குக் காலை பத்து மணிக்கு வந்து எடை போட்டுக்கச் சொல்லு. வரலேன்னா பணியைக் கைவிட்டவர்னு ஒட்டிடுவோம். வந்துட்டார்னா ஒரு பிரச்சினையும் இல்ல."

நாளை காலை பத்து மணிக்குத் தான் எங்கே எந்த நிலையில் கிடப்போம் என்று ரெக்கார்டுக்குத் தெரியும்.

"சொல்றேன் சார்," என்றார். "ஆனா அவர் வரமாட்டார்."

தெருவில் பேருந்து ஒன்று நிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் படியிறங்கி ஓடினார். காவலர் கதவை இழுத்துச் சாத்தி, மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினார். பூட்டு விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். விழுந்திருந்தது.